காதறுத்த கிடாவும் என் மகளின் சேவைப் பாடமும்

1

போன சனிக்கிழமை என் மகள் யாழினிக்குக் கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். சமூகத்துக்குச் சேவை செய்ததற்காக. அந்தச் சமூகம் எது என்றால், புதுக்கோட்டை மாவட்டத்தில் குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கும் என் ஊர். செய்த சேவை என்ன என்றால், என் தம்பி குடும்பத்தைக் கெடுத்தது.

நான் சிங்கப்பூருக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர் வேலை. அழகாக எழுத எனக்கு வராது. ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியவேண்டும், அதற்காக எழுதுகிறேன். நாளைக்கு உங்கள் தெருவுக்கும் பனியனில் கல்லூரிப் பெயர் போட்டுக்கொண்டு பிள்ளைகள் வரும். வாயைத் திறப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

2

இங்கே கல்லூரியில் சேவையும் ஒரு பாடம். கணக்கு மாதிரி, வேதியியல் மாதிரி அதற்கும் மார்க் உண்டு. முடிக்காவிட்டால் பட்டம் கிடையாது. போன வருடம் ஒரு சாயங்காலம், நான் பட்டறையில் இருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, யாழினி குதித்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, லீவுக்கு நம்ம ஊருக்குப் போறோம்!"

"எந்த ஊருக்கு?"

"உங்க ஊருக்குத்தான்."

"எதுக்கு?"

"ஹெல்ப் பண்ண."

"யாருக்கு?"

"கம்யூனிட்டிக்கு."

"யாரு கூப்பிட்டாங்க?"

"யாரும் கூப்பிடலப்பா. அதான் சர்வீஸ்."

என் அப்பா செத்தபோது தேர்வு இருக்கிறது என்று வராதவள் இவள். கொசு கடிக்கும், கழிப்பறை சரியில்லை என்று திருவிழாவுக்கும் வரமாட்டாள். இப்போது மார்க் கிடைக்கும் என்றதும் கொசு கடிக்கவில்லை. அதை அப்படியே சொன்னேன். என் மனைவி கலா, "புள்ள ஆசையா சொல்லுது, மூஞ்சில அடிச்ச மாதிரிதான் பேசுவீங்க" என்றாள். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

போவதற்கு முன்னால் கல்லூரியில் 'ஆபத்து மதிப்பீடு' என்று ஒன்று தயார் செய்தார்கள். அது என் தொழில் என்பதால் யாழினி என்னிடம் காட்டினாள். பாம்பு, தெருநாய், வெயில், குடிநீர், பேருந்துப் பயணம் எல்லாம் இருந்தது. என் ஊர் இந்தப் பிள்ளைகளை என்னென்ன செய்துவிடும் என்று பக்கம் பக்கமாக யோசித்திருந்தார்கள். இந்தப் பிள்ளைகள் என் ஊரை என்ன செய்துவிடும் என்று ஒரு வரி இல்லை.

பட்டறையில் புதிதாக வருகிறவனுக்கு நான் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே அதுதான். சாரத்தில் ஏறுகிறவன் இடுப்பில் பெல்ட் கட்டினால் மட்டும் போதாது. கீழே நடக்கிறவன் தலையில் அவன் கையில் இருக்கும் ஸ்பேனர் விழக்கூடாது. இதைக்கூட யோசிக்காத ஆட்கள்தான் அங்கே பேராசிரியர்கள்.

3

எங்கள் ஊரில் இந்த முகாம்கள் புதிது இல்லை. நான் புதுக்கோட்டையில் படித்தபோது எங்களையும் மீமிசலுக்குக் கூட்டிப்போனார்கள். மீன் இறங்கும் இடத்தைச் சுத்தம் செய்தோம். மீன்காரர்கள் பீடி பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தர் மட்டும் கத்தினார்: "தம்பிகளா, நல்லா கூட்டுங்க, ஆனா அந்த வலைய அள்ளிட்டுப் போயிராதீங்கப்பா, அது குப்பை இல்ல, எங்க சோறு!" சிரித்துக்கொண்டே வலையைக் கீழே வைத்துவிட்டோம். மத்தியானம் அவர்கள் மீன்குழம்பையே தின்றுவிட்டுத் தூங்கினோம். யாருக்கும் நன்மை இல்லை, கெடுதலும் இல்லை. அப்போது அதற்கு மார்க் கிடையாது. மார்க் இல்லாததால் யாரும் எங்களிடம் 'என்ன சாதித்தாய், காட்டு' என்று கேட்கவும் இல்லை.

இப்போது காட்டவேண்டும். அங்கேதான் சனி பிடித்தது. ஒரு கிராமத்துக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தேன் என்றால் மார்க் வராது. யாராவது ஒருத்தருடைய கஷ்டத்தைப் பிடித்துக்கொண்டு வரவேண்டும். கஷ்டம் எவ்வளவு பெரிதோ மார்க்கும் அவ்வளவு.

4

சிங்கப்பூர்ப் பிள்ளைகளோடு அங்கே உள்ளூர்க் கல்லூரிப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்கும் இது மார்க்தான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கல். முகாமின் வழக்கம் இதுதான்: பகலில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பார்கள். கேட்டதை வைத்து விழிப்புணர்வு நாடகம் ஒன்று தயார் செய்து, கடைசி நாள் ஊருக்கு முன்னால் போடுவார்கள்.

யாழினி தன் தோழிகளுக்கு ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்திருந்தாள்: "நாங்கள் உங்களுக்கு உதவ வந்திருக்கிறோம்." ஒரு சீனப் பெண் அதை மனப்பாடமாக ஒரு வீட்டு வாசலில் சொல்ல, அந்த வீட்டு அம்மா, "என்ன ஒத்தாசை ஆத்தா? நெல்லு அவிக்கணும், அடுப்புக்கிட்ட நிக்கிறியா?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் மறுபடியும் அதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறது. அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

என் தம்பி பழனிவேல் வீட்டுக்கு யாழினியே போனாள். பழனி பெரிய குடிகாரன். ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்து, செத்துப் பிழைத்து, அதற்குப் பிறகு குடியைத் தொடவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் சுத்தமாக இருந்தான். அவன் மனைவி வளர்மதி போனில் பேசும்போது சிரிக்க ஆரம்பித்திருந்தாள். கல்யாணமான நாளில் இருந்து அவள் சிரித்து நான் கேட்டதில்லை. இந்த முகாம் நடந்தபோது எங்கள் குடும்பத்தில் யாருடைய கையிலாவது உடையக்கூடிய பொருள் ஒன்று இருந்தது என்றால், அது பழனி கையில் இருந்த அந்த ஒரு வருடம்தான்.

யாழினி எடுத்த பேட்டி போனில் பதிவாகி இருக்கிறது. நானும் அதைப் போட்டுக் கேட்டேன்.

"குடியால நீங்க எதெல்லாம் லாஸ் பண்ணீங்க சித்தப்பா?"

"அதெல்லாம் எழுதப் போறியா ஆத்தா?"

"உங்க பேரு வராது சித்தப்பா. வேற பேரு போட்டுருவோம். ஃபுல்லா கான்ஃபிடென்ஷியல்."

"அப்படின்னா?"

"யாருக்கும் தெரியாது."

பிறகு பழனி சொன்னான்: "ஒங்க சித்தி நேந்துவிட்ட கிடாய நான்தான் ஆத்தா வித்துட்டேன்."

இதற்கு அர்த்தம் ஊரில் இருக்கிறவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளும் இதைப் படிக்கக்கூடும், அவர்களுக்காகச் சொல்கிறேன். வளர்மதி பிள்ளை வேண்டும் என்று கருப்பருக்குக் கிடா நேர்ந்தாள். நேர்ந்த கிடாவுக்குக் காதை அறுத்து விடுவார்கள். காதறுத்த கிடா யார் கொல்லையில் மேய்ந்தாலும் யாரும் அடிக்கமாட்டார்கள், அது சாமியுடையது. ஒரு நாள் அந்தக் கிடாவைக் காணோம். ஊரே தேடியது. ஆடு மேய்க்கிற சின்னையா மேல் சந்தேகம் வந்தது. அவனைக் கருப்பர் கோயிலுக்குக் கூப்பிட்டு, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். செய்தான். அப்படியும் நம்பவில்லை. பொய்ச் சத்தியம் என்றார்கள். அதற்குப் பிறகு யாரும் அவனிடம் ஆடு விடவில்லை. வளர்மதிக்குப் பிள்ளை பிறக்கவில்லை. சாமிக் கடன் நின்றுபோனதால்தான் என்று அவளும் நினைத்தாள், ஊரும் நினைத்தது. சின்னையா பொண்டாட்டியைப் பார்த்தால் வளர்மதி காறித் துப்பிவிட்டுப் போவாள்.

அந்தக் கிடாவை மணப்பாறை சந்தைக்கு ஓட்டிப்போய் விற்றுக் குடித்தவன் என் தம்பி. சின்னையா சூடத்தை அணைத்தபோது பக்கத்திலேயே நின்றவனும் அவன்தான்.

அயோக்கியத்தனம்தான். நான் மூடி மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பதிவில் அவன் மேற்கொண்டு என்ன சொன்னான் என்பதையும் கேளுங்கள்:

"இந்தத் திருவிழாவுக்குள்ள ஒரு கிடா வாங்கிக் கருப்பருக்கு விட்டுட்டு, சின்னையா வீட்டுக்கு நானே போயி கால்ல விழுந்துருவேன் ஆத்தா. ஒங்க சித்திகிட்ட அதுக்கு முன்னாடியே சொல்லணும். தைரியம் வரமாட்டேங்குது. மொதமொதல்ல ஒங்கிட்டதான் சொல்றேன். நீ கேட்ட. வேற யாரும் கேக்கல."

அழுகிறான். என் மகள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "இட்ஸ் ஓகே சித்தப்பா" என்கிறாள். அதை நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். பிறகு கேட்கிறாள்: "இத நாங்க யூஸ் பண்ணிக்கலாமா?"

"பண்ணிக்க ஆத்தா. ஒனக்கு இல்லாததா?"

5

நாடகத்தை நான் போன சனிக்கிழமைதான் பார்த்தேன். கேடயம் கொடுத்த மண்டபத்தில், பெரிய திரையில், ஏசிக் குளிரில். என்ன நடந்தது என்று வளர்மதி போனில் சொல்லி எனக்கு முன்பே தெரியும். தெரிந்துகொண்டு பார்ப்பது வேறு மாதிரி இருந்தது.

பள்ளிக்கூட மைதானம். ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. முன் வரிசை நாற்காலியில் பழனி, தோளில் சால்வை. சிங்கப்பூர்ப் பிள்ளையின் சித்தப்பா என்று முதலிலேயே போர்த்திவிட்டார்கள். வளர்மதி ஓரமாக நின்று பிள்ளைகளுக்கு டீ கொடுத்துக்கொண்டிருக்கிறாள். யாழினி மைக்கைப் பிடித்து அவளுடைய தமிழில் சொல்கிறாள்:

"இது உங்கள் ஊரிலேயே நடந்த உண்மைக் கதை. பேரை மட்டும் மாற்றிவிட்டோம்."

குடிகாரனின் பெயர் முருகன். உள்ளூர்க் கல்லூரிப் பையன் ஒருத்தன் வேட்டியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டு தள்ளாடுகிறான். நன்றாகத்தான் நடித்தான். சனம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. பழனியும் சிரிக்கிறான். "ஏலேய், இது நம்ம பழனி நடைதானடா!" என்று ஒரு குரல். பழனி திரும்பி, "ஆமாடா, நான் எங்கடா நடந்தேன், தவழ்ந்துல்ல வந்தேன்" என்று பதில் சொல்கிறான். அப்படி ஒரு ஆள் அவன். அதுவரைக்கும் தாங்கிக்கொண்டான்.

பிறகு ஒரு பையன் கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு நாலு காலில் வருகிறான். ஆடு. மறுபடியும் சிரிப்பு. சாக்கில் அட்டைக் காது ஒட்டியிருக்கிறது. ஒரு காதின் நுனி அறுந்து, அதில் சிவப்பு மை.

முருகன் அந்த ஆட்டைக் கயிறு போட்டு இழுத்துப்போய்ச் சந்தையில் விற்கிறான்.

சிரிப்பு நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக அடங்கவில்லை, கரண்ட் போனது மாதிரி நின்றது. மேடையில் இருந்த பிள்ளைகளுக்குப் புரியவில்லை. வசனம் கேட்கவில்லையோ என்று சத்தத்தைக் கூட்டி மறுபடியும் சொன்னார்கள். சாக்குக்குள் இருந்த பையன் சிரிப்பு வருவதற்காக மே, மே என்று கத்துகிறான்.

ஒரு ஊரில் ஒரே ஒரு காதறுத்த கிடாதான் காணாமல் போயிருக்கிறது. பெயரை மாற்றி என்ன புண்ணியம்?

கூட்டத்தின் பின்னால் சின்னையா எழுந்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவன் பொண்டாட்டி போகவில்லை. இரண்டு கையிலும் மண்ணை வாரி, முன் வரிசையைப் பார்த்துத் தூற்றினாள். "என் புருசன் கையி வெந்துச்சேடா! பாத்துக்கிட்டு நின்னியேடா! நீ வெளங்குவியா, ஒன் வம்சம் வெளங்குமா!" இன்னொரு முறை வாரினாள்.

வளர்மதி டீ டம்ளர் இருந்த தட்டோடு அப்படியே நின்றாள். புருஷனை அவள் 'நீங்க' என்றுதான் பேசுவாள், அவன் அடித்த நாளிலும் அப்படித்தான். வீடியோவில் அவள் குரல் தெளிவாகக் கேட்கிறது.

"அப்ப நீயா?"

பழனி சால்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தான்.

சிங்கப்பூர் மண்டபத்தில் இந்தக் காட்சிக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி ஓடியது. பார்வையாளர்கள் உணர்ச்சியோடு பங்கேற்ற தருணம் என்று. மண்டபத்தில் இருந்தவர்கள் மண் தூற்றுவதை எங்கள் ஊரின் சடங்கு என்று நினைத்துவிட்டார்கள். கை தட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த தாடிக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பவர்ஃபுல்" என்றார்.

அவரை அடித்துவிடுவேனோ என்று பயந்து கலா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

6

முகாம் முடிந்து பிள்ளைகள் பஸ் ஏறிய பிறகு ஊர் கூடியது. பழனியிடம் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்குவதில்லை என்று முடிவு செய்தார்கள். வரி வாங்கவில்லை என்றால் நீ ஊரில் சேர்த்தி இல்லை என்று அர்த்தம். கோயிலில் விபூதி இல்லை, நல்லது கெட்டதுக்கு அழைப்பு இல்லை. நான் அதே அப்பனுக்குப் பிறந்தவன்தான். என் வரியை மட்டும் போனிலேயே வாங்கிக்கொண்டார்கள். வெளிநாட்டு வரிக்குத் தீட்டு இல்லை போல.

சின்னையாவிடம் யாராவது மன்னிப்புக் கேட்டார்களா என்றால், அதுவும் இல்லை. சூடம் அணைக்கச் சொன்ன பெரிய மனிதர்கள் எல்லாரும், "எனக்கு அப்பவே பழனி மேலதான் சந்தேகம்" என்கிறார்கள். என் ஊரையும் எனக்குத் தெரியும்.

வளர்மதி கொடும்பாளூரில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போன் போட்டேன், "திரும்பிப் போ" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள்தான் பேசினாள்.

"குடிச்சதக்கூட மன்னிச்சிட்டேன் மாமா. கருப்பர் கண்ணத் தொறக்கலன்னு எத்தன வருசம் அழுதேன், பக்கத்துலதானே படுத்திருந்தாரு? அவரு வாயால சொல்லியிருந்தா அழுதுட்டு இருந்திருப்பேன். ஊரு சிரிக்கச் சிரிக்கத் தெரிஞ்சுக்கிட்டேனே மாமா. ஒரு பய ஆடு மாதிரி கத்துறான்."

கல்லூரிக்கு நான் மின்னஞ்சல் எழுதினேன். திட்டித்தான் எழுதினேன். அழகான பதில் வந்தது. என் கருத்துக்கு நன்றியாம். சம்பந்தப்பட்டவரின் சம்மதம் பதிவில் இருக்கிறதாம். கடைசி நாள் ஒரு பெண் மண் எறிந்ததில் மாணவர்கள் மனம் பாதிக்கப்பட்டதால், அவர்களுக்கு மனநல ஆலோசனை ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறதாம்.

வளர்மதிக்கு? பழனிக்கு? சின்னையாவுக்கு? அவர்கள் அந்தப் பாடத்தில் பதிவு செய்யவில்லையே.

யாழினியையும் திட்டினேன். "பேரை மாத்திட்டோம்ப்பா, அதான் ரூல்" என்று அழுதாள். "ட்ரூத் வெளிய வந்தது நல்லதுதானே? அந்த ஷெப்பர்டுக்கு நல்லதுதானே?" என்று கேட்டாள். சின்னையா என்ற பெயர் அவளுக்கு மறந்துவிட்டது. சின்னையா மேல் இருந்த பழி போனது உண்மை. அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இவர்கள் அதற்காகப் போடவில்லை. ஆடு வந்தால் சனம் சிரிக்கும் என்று போட்டார்கள்.

7

நேற்று ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். யாழினி மடிக்கணினியோடு வந்தாள்.

"அப்பா, அடுத்த பேட்ச்சையும் அதே ஊருக்கு அனுப்பலாமான்னு ப்ரொபசர் கேக்குறாங்க. அங்க இன்னும் ஹெல்ப் தேவைப்படுதான்னு நான் ரிப்போர்ட் எழுதணும். சித்தப்பாகிட்டப் பேசலாமா? ஸாரியும் சொல்லணும்."

அவள் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சரி என்று பழனிக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். நெடுநேரம் அடித்த பிறகு எடுத்தான்.

"யாரு... ஆத்தாவா? சிங்கப்பூரு ஆத்தாவா?"

"சித்தப்பா, ஐம் ஸாரி சித்தப்பா. அன்னைக்கு நடந்ததுக்கு."

"ஸாரியா? எதுக்கு ஆத்தா ஸாரி? நாடகம் நல்லாத்தானே இருந்துச்சு! ஊரே பேசுது. சின்னப் பயலுக என்னயப் பாத்தா மே... மேங்கிறானுக." சிரித்தான். சிரிப்பு இருமலில் முடிந்தது. "மறுபடி வருவீங்களா? வாங்க, வாங்க. இந்தத் தடவ அந்தப் பய வேணாம். அவனுக்கு நடை வரல. நானே நடிச்சுத் தாரேன். எனக்கு ஒத்திகையே வேணாம் ஆத்தா..."

போன் கட்டாகிவிட்டது. அவன் கட் செய்தானா, கையில் இருந்து விழுந்ததா என்று தெரியவில்லை.

யாழினி முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களாப்பா? நீங்கதான் பெருசு பண்ணீங்க. சித்தப்பா ஹேப்பியா இருக்காங்க. அவங்களே நடிக்கிறேன்னு சொல்றாங்க!" என்று தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள்.

"அவன் குடிச்சிருக்கான்" என்றேன்.

அவள் விரல் நின்றது.

"இப்பவா? ஆஃப்டர்நூன்ல?"

"நாக்கு பொரளலையே, காது கேக்கலையா ஒனக்கு? காலையிலேருந்து குடிச்சிருக்கான். ஈரல் கெட்டவன் குடிச்சா என்ன ஆகும்னு ஒங்க பாடத்துல சொல்லிக் குடுத்தாங்களா?"

அடுப்படியில் கலா பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது. யாழினி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்து வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. என்னுடைய பிள்ளை. ஒரு நிமிடம், அவளுக்குப் புரிந்துவிட்டது என்றே நினைத்தேன். கேடயத்தைத் தூக்கி எறிந்துவிடுவாள் என்றுகூட நினைத்தேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எழுதியதை எல்லாம் அழித்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். மனதாரத்தான் சொன்னாள்.

"அப்போ கண்டிப்பா போகணும்ப்பா. இப்பத்தான் சித்தப்பாவுக்கு நாங்க ரொம்பத் தேவை."